ஸ்டேஜ் ஏணியும் ஒரு சின்னக் கிண்ணமும்: பழைய கோல்ஃப் ஜிடிஐ-க்குப் போடப்படும் திட்டங்கள்

பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய வேகமான ஹேட்ச்பேக் ஒன்றை மலிவாக வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, புதிதாக இருந்தபோது ஓடியதைவிட வேகமாக ஓடவைப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு தனி வழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு ப்ராஜெக்ட் கார் என்று பெயர். பெரும்பாலும் வண்டி வீடு வந்து சேரும் முன்பே திட்டம் தயாராகிவிடும். எந்த டர்போ, எந்த எக்ஸாஸ்ட், வண்டியை எவ்வளவு இறக்குவது, எந்த மாதம் எதற்குப் பணம் என்று பட்டியல் நீளும். கூடவே ‘நம்பகத்தன்மை’ என்ற தலைப்பில் மாற்ற வேண்டிய பாகங்களும் வரிசையாக நிற்கும். இந்தத் திட்டமிடும் வழக்கத்தில் எவ்வளவு அறிவு இருக்கிறது, எவ்வளவு ஆசை இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பொதுவாகப் பேசினால் எல்லாமே சரி என்றுதான் தோன்றும். ஆகவே ஒரே வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ.

1976-இல் வந்த முதல் ஜிடிஐ 110 குதிரைத்திறனும் ஏறத்தாழ 810 கிலோ எடையும் கொண்டது. 5,000 வண்டி விற்றால் போதும் என்று தொடங்கிய நிறுவனம், அந்தத் தலைமுறையில் மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு தலைமுறைக்குத் தலைமுறை எடை கூடியது; நான்காவதில் ஜிடிஐ என்பது பின்கதவில் ஒட்டிய மூன்றெழுத்து மட்டும் என்று விமர்சகர்கள் சலித்துக்கொண்டார்கள். 2004-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த ஐந்தாம் தலைமுறைதான் இழந்த பெயரை மீட்டது. 2 லிட்டர் டர்போ எஞ்சின், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை, 200 குதிரைத்திறன், 1,800 சுழற்சியிலேயே கைக்கு வரும் 280 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். 2009-க்குள் ஆறாம் தலைமுறை வந்துவிட்டதால், இன்று விற்பனைக்கு வரும் மிக இளைய வண்டிக்கும் பதினைந்து வயது தாண்டிவிட்டது. விலை இறங்கிவிட்டது. உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. இதே எஞ்சின் ஆடி, சீட், ஸ்கோடா வண்டிகளிலும் ஓடியதால் அதன் நோய்கள் எல்லாம் ஊரறிந்தவை. திட்டம் போட ஆசைப்படுகிறவருக்கு இதைவிடத் தோதான வண்டி அமைவது அரிது.

திட்டமிடுவதில் உள்ள நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பழைய வண்டியைத் திட்டமில்லாமல் வைத்திருப்பவர் ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி கொடுப்பார். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு வந்து, அடுத்த ஆண்டு பம்ப் கசிந்தால், அதே இடத்தை மறுபடி கழற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை எஞ்சின் இது. ஆகவே பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதுதான் முறை. கியர்பாக்ஸைக் கீழே இறக்கினால் கிளட்ச்சோடு, இரட்டை அடுக்கு ஃப்ளைவீலையும் ரிலீஸ் பேரிங்கையும் கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்துவிடுவது மெக்கானிக்குகளின் பழைய பாடம். ஜெர்மனி, பிரிட்டன் போன்ற இடங்களில் பாகத்தின் விலையைவிடக் கூலியே கூடுதல் என்பதால், வேலைகளை இப்படிச் சேர்த்துக் கட்டுகிற திட்டம் மெய்யாகவே பணத்தை மிச்சப்படுத்துகிறது.

இன்னொரு நன்மை எனக்கு இதைவிடப் பிடித்தது. இந்த வண்டிக்காரர்கள் கண்ட கண்ட கடைச் சாமானை வாங்கி மாட்டாமல், அதே நிறுவனத்தின் உயர்ந்த மாடல்களிலிருந்து பாகம் எடுத்துப் பொருத்தக் கற்றுக்கொண்டார்கள். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்க ஆடி எஸ்3-இன் பெரிய இன்டர்கூலர். முன்சக்கரத்தின் 312 மில்லிமீட்டர் பிரேக் டிஸ்க்குக்குப் பதில் கோல்ஃப் ஆர்32-இன் 345 மில்லிமீட்டர் டிஸ்க். அடிக்கடி பழுதாகும் இக்னிஷன் காயிலுக்குப் பதில் ஆடி ஆர்8-இன் சிவப்புத் தலை காயில். இவை எல்லாம் தொழிற்சாலை ஒன்று கடும் குளிரிலும் வெயிலிலும் ஓட்டிச் சோதித்து வெளியிட்ட பாகங்கள். உடைந்த வண்டிகள் குவியும் யார்டுகளில் சல்லிசாகவும் கிடைக்கும். இந்த வழக்கம் கண்டெடுத்த புத்திசாலித்தனங்களில் முதலிடம் இதற்குத்தான்.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை சக்தியைக் கூட்டும் படிகளை வைத்துத்தான் காலண்டர் போடுகின்றன. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்ற ஏணி. முதல் படியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றுவார்கள். ரீமேப் என்பது அதுதான். 200 குதிரைத்திறன் ஏறத்தாழ 240 ஆகிவிடும். இரண்டாம் படியில் டர்போவுக்குப் பின்னாலுள்ள எக்ஸாஸ்ட் குழாயும் காற்று உள்ளே வரும் வழியும் அகலமாகும். 260-ஐ ஒட்டி வரும். அதற்கு மேல் போக வேண்டுமானால் கே03 என்ற சின்ன டர்போவைக் கழற்றி, கே04 என்ற பெரியதை வைக்க வேண்டும். இந்த ஸ்டேஜ் கணக்குக்கு எந்தத் தரக் கட்டுப்பாடும் கிடையாது. ஒரு கடையின் ஸ்டேஜ் 2 இன்னொரு கடையின் ஸ்டேஜ் 1-க்குச் சற்று மேலே நிற்கும். விற்பனைக்காகப் பிறந்த இந்த ஏணி, நாளடைவில் பொறியியல் வரிசைபோல நடத்தப்படுகிறது.

ரீமேப் செய்ததும் கூடுதல் சக்தி எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலை ஒரே எஞ்சினை மட்டமான பெட்ரோல் விற்கும் நாட்டிலும், ஐம்பது பாகை வெயில் அடிக்கும் நாட்டிலும், சர்வீஸுக்கே போகாத உரிமையாளரிடமும் ஓடவைக்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் இடம் விட்டு வைக்கிறது. ரீமேப் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. புது வண்டியில் இது பெரும்பாலும் நல்ல பேரம்தான். 18 ஆண்டு ஓடிய வண்டியில், அந்தச் சேமிப்பில் ஒரு பங்கை வயதே தின்று தீர்த்திருக்கும். காற்றுக் குழாய்களின் ரப்பர் இறுகியிருக்கும், கிளட்ச் தேய்ந்திருக்கும், காயில்கள் சூடேறிச் சோர்ந்திருக்கும். எவ்வளவு மிச்சம் என்பது ரீமேப் போடுகிறவருக்கும் தெரியாது, காசு கொடுக்கிறவருக்கும் தெரியாது. பட்டியல் அந்த மாடலுக்காக எழுதப்பட்டது. கேரேஜில் நிற்பதோ ஒரு தனி வண்டி.

இதில் இன்னொரு விஷமமும் உண்டு. இந்த எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்போவின் அழுத்தத்தை வெளியேற்ற டைவர்ட்டர் வால்வு ஒன்று இருக்கிறது. அதன் தொடக்ககால வடிவங்களில் ரப்பர்ச் சவ்வுதான். அது கிழிவது சர்வசாதாரணம். சற்றே கிழிந்தால் அழுத்தம் கசியும். கணினிக்கு அது கசிவு என்று தெரியாது. கேட்ட அழுத்தம் வரவில்லை என்று மட்டும் தெரியும். உடனே டர்போவை இன்னும் வேகமாகச் சுழலச் சொல்லும். மானியில் எண் சரியாக வந்துவிடும். ரீமேப்புக்குப் பிறகு வண்டி முன்பைவிட வேகமாகத்தான் போகும். உரிமையாளர் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார். டர்போவின் ஆயுள் மட்டும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டிருக்கும். சக்தியை முதலில் கூட்டினால் பழுது தெரியாமல் மறைந்துபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை. குழாய்களுக்குள் புகையை ஏற்றிக் கசிவு பார்க்கும் சோதனை ரீமேப்பின் விலையோடு ஒப்பிட்டால் அற்பச் செலவு. எத்தனை திட்டத் தாள்களில் அந்தச் சோதனை இடம்பெறுகிறது?

இந்த எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு உலோகக் கிண்ணத்தில் வந்து நிற்கும். கேம் ஃபாலோயர் என்று பெயர். பெட்ரோலைச் சுமார் 110 பார் அழுத்தத்துக்கு ஏற்றும் பம்ப், எஞ்சின் ஹெட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. காற்றை உள்ளே விடும் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டின் நுனியில் மூன்று மேடுகள் கொண்ட கேம் ஒன்று உண்டு. அது ஒரு சுற்று சுற்றும்போது பம்பின் தண்டை மூன்று முறை தள்ளும். தண்டுக்கும் கேமுக்கும் நடுவே இருப்பது இந்தக் கிண்ணம். உருளை, பேரிங் எதுவும் கிடையாது. உலோகத்தின் மேல் உலோகம் உரசி வழுக்குகிறது. இடையில் ஒரு எண்ணெய்ப் படலம், ஒரு கறுப்புப் பூச்சு, அவ்வளவுதான். பூச்சு தேய்ந்தால் கிண்ணத்தின் அடி மெலியும். மெலிந்த அடியில் ஓட்டை விழும். பிறகு பம்பின் தண்டும் கேமும் நேருக்கு நேர் இடித்து இரண்டும் நாசமாகும். உலோகத் தூள் எண்ணெயோடு கலந்து எஞ்சின் முழுக்கப் பயணம் போகும். அமெரிக்காவில் நிறுவனமே இந்தப் பகுதிக்கான உத்தரவாதக் காலத்தை நீட்டிக்க வேண்டி வந்தது.

இத்தனைக்கும் கிண்ணத்தின் விலை ஒரு நல்ல எண்ணெய் டின்னின் விலைதான். பம்பைப் பிடித்திருப்பவை மூன்று போல்ட்டுகள். 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது இந்த வண்டி வைத்திருப்போரிடையே எழுதப்படாத சட்டம். ஆனால் வண்டி மூன்றாவது, நான்காவது கைக்கு மாறி வரும்போது இந்தச் சட்டம் தெரிந்த கை எது, தெரியாத கை எது என்று யாருக்குத் தெரியும்? மேலும் சில சந்தைகளில் 30,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டு வரை எண்ணெய் மாற்றாமல் ஓட்டலாம் என்று நிறுவனமே அனுமதித்திருந்தது. எண்ணெய்ப் படலத்தை மட்டுமே நம்பி வாழும் ஒரு பாகத்துக்கு இது இழைத்த அநீதி. அந்த அட்டவணையை நம்பி ஓட்டிய முதல் உரிமையாளர் மேல் பிழை சொல்ல முடியாது.

இப்போது ஏணிக்குத் திரும்புவோம். இரண்டாம் படிக்கு மேல் போனால் பெட்ரோல் போதாமல் போகும். அதற்குத் தீர்வாக விற்கப்படுவது பெரிய பிஸ்டனும் கடினமான ஸ்பிரிங்கும் வைத்த பம்ப். அந்த ஸ்பிரிங் எதை அழுத்துகிறது? அதே கிண்ணத்தை. முன்பே தேயும் என்று பெயரெடுத்த பாகத்தின் மேல் இன்னும் சுமை ஏற்றுகிறோம். திட்டத் தாளில் பம்ப் ‘சக்தி’ என்ற பத்தியில் இருக்கும். கிண்ணம் ‘நம்பகத்தன்மை’ என்ற பத்தியில் இருக்கும். நடுவே ஒரு கோடு போட்டிருப்பார்கள். எஞ்சினுக்குள் அந்தக் கோடு கிடையாது. பம்பை மாற்றுகிறவர் கிண்ணத்தைப் பார்க்கும் இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதை அதே வரியில் எழுதியிருந்தால், அது திட்டம். இரண்டையும் தனித்தனியே எழுதியிருந்தால் அது கடைக்குப் போக எழுதிய சீட்டு.

அடுத்த தலைமுறைக்குத் தாவிவிட்டால் இந்தத் தொல்லை தீருமே என்பவர்கள் உண்டு. ஆறாம் தலைமுறை ஜிடிஐ-யில் வந்த புதிய எஞ்சினில் பம்பை உருளை வைத்த தள்ளுகோல்தான் இயக்குகிறது, உண்மைதான். ஆனால் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி வந்தது. அந்தச் சங்கிலியின் டென்ஷனர் தளர்ந்து எத்தனையோ எஞ்சின்கள் பாழாயின. இதே காலத்து மஸ்தா 3 எம்பிஎஸ்-இல் கதை வேறு. அதன் 2.3 லிட்டர் டர்போ எஞ்சினில் குறைந்த சுழற்சியில் அழுத்தத்தை அதிகம் ஏற்றினால் கனெக்டிங் ராடு வளைந்து, எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வந்த சம்பவங்கள் உண்டு. ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதன் சாவு எங்கிருந்து வரும் என்பது தனித்தனி. எல்லாவற்றுக்கும் ஒரே மூன்று படி ஏணி எப்படிப் பொருந்தும்?

நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் முறைக்கே உரிய இன்னொரு நோய் கரி படிதல். பழைய முறையில் பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டு அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். இதில் வால்வைத் தொடாமலே சிலிண்டருக்குள் போய்விடுகிறது. எஞ்சினின் ஆவியை மறுபடி உள்ளே அனுப்பும் பிசிவி வால்வு வழியாக வரும் எண்ணெய்த் துளிகள் சூடான வால்வில் ஒட்டிக் கரியாகின்றன. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தோடு அடித்து அதைச் சுரண்டி எடுப்பதுதான் உறுதியான வைத்தியம். இதற்குப் பதிலாகப் பலர் வாங்குவது ஆயில் கேட்ச் கேன் என்ற டப்பா. எண்ணெயை இடைமறித்துப் பிடிக்கும் என்ற கணக்கு சரிதான். ஆனால் ஏற்கெனவே படிந்த கரியை அது எடுக்காது. அடிக்கடி திறந்து கொட்ட வேண்டும். குளிர்நாட்டில் உள்ளே சேரும் நீர் உறைந்துபோனால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி சீல்கள் கசியும். பானெட்டைத் திறந்தால் பளபளவென்று தெரிவது இந்த டப்பா. சுத்தம் செய்த வால்வோ எவர் கண்ணுக்கும் தெரியாது. திட்டங்களில் டப்பா ஏன் முன்னால் நிற்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சஸ்பென்ஷன் பக்கம் போனால் இந்தக் கண்காட்சி மனப்பான்மை இன்னும் அப்பட்டம். வண்டியைத் தாழ்த்தினால் திருப்பத்தில் நன்றாக நிற்கும் என்பது பாதி உண்மை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கை ஏறத்தாழ கிடையாக இருக்கும்படிதான் தொழிற்சாலை உயரத்தை வைக்கிறது. மிகவும் தாழ்த்தினால் அந்தக் கை சக்கரத்தை நோக்கி மேலேறி நிற்கும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். விளைவாக, தாழ்ந்த வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் வேண்டும். பிறகு குழியில் விழும்போதெல்லாம் ஓட்டுகிறவரின் முதுகு கணக்குச் சொல்லும். இந்த வண்டியில் பெரும்பாலும் செத்துப்போயிருப்பது அந்தக் கீழ்க் கையின் பின்பக்க ரப்பர் புஷ்தான். ஆடி எஸ்3, டிடி வண்டிகளில் வந்த கெட்டியான ரப்பர் புஷ் அதே இடத்தில் பொருந்தும். அதையும் புது ஷாக் அப்சார்பரையும் அவற்றின் மேல் மவுண்டுகளையும் தொழிற்சாலை உயரத்திலேயே மாட்டி, சக்கரக் கோணங்களைச் சரிபார்த்தால் ஸ்டியரிங் புது வண்டிபோலத் திரும்பும். வாசலில் நிறுத்தினால் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஒரே குறை.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 3417 என்றால் 2017-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம் செய்தது. கோடுகள் ஆழமாக இருக்கின்றன என்று பழைய டயரிலேயே 260 குதிரைத்திறனை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் எண்ணெயும் அப்படித்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை குறையும், மலைச்சரிவில் பெடல் மெத்தென்று கீழே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாத எண்ணெயோடு 345 மில்லிமீட்டர் டிஸ்க் வைப்பது வீண் ஆடம்பரம்.

இதுவரை சொன்னதை வைத்து, ஆக எல்லாவற்றையும் முதலில் புதிதாக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவுகட்டினால், அதுவும் ஒரு மூடநம்பிக்கையாகவே முடியும். நம்பகத்தன்மையின் பெயரால் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல பாகத்தையெல்லாம் கழற்றி எறிகிறவர்கள் இந்த வழக்கத்தில் ஒரு தனிக் கூட்டம். ‘இந்த மாடலில் இது போகும்’ என்று கேள்விப்பட்டாலே போதும், மாற்றிவிடுவார்கள். காயில் போகும் என்று நான்கையும் மாற்றுவார்கள். எஞ்சின் திணறியதற்குக் காரணம் தேய்ந்த ஸ்பார்க் ப்ளக்காக இருந்திருக்கும். உடைந்தவை பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உடையாமல் ஓடுபவை பற்றி யார் பேசப்போகிறார்கள்? பதினைந்து ஆண்டு உழைத்த ஒரிஜினல் பாகம் தன் தரத்தை நிரூபித்துவிட்டது. நேற்று வாங்கிய மலிவு விலைப் பாகம் இனிமேல்தான் நிரூபிக்க வேண்டும். அதிலும் போலிச் சரக்குச் சந்தையில் நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டியைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கழற்றலும் ஒரு கிளிப்பை உடைக்கும், ஒரு போல்ட்டின் தலையைத் தேய்க்கும். வண்டி மாதக்கணக்கில் ஜாக்கியின் மேல் நிற்கும். விற்பனை விளம்பரங்களில் ‘முடிவடையாத ப்ராஜெக்ட், பாகங்கள் பெட்டியில் உள்ளன’ என்று வருகின்ற வண்டிகளில் பல இந்த வகை.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே. வண்டியைப் பார்க்காமல் திட்டம் எழுதப்படுகிறது. டாக்டர் நாடி பார்க்கும் முன் மருந்துச் சீட்டு எழுதுவது போல. வாங்கிய வாரத்தில் செய்ய வேண்டியவை அளவுகள் மட்டுமே: நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன், காற்றுக் கசிவு, பழைய எண்ணெயின் நிறமும் அதில் உலோகத் தூள் உண்டா என்பதும், ஸ்கேனரில் பதிவான பிழைகள், ஓடும்போது டர்போ கேட்ட அழுத்தமும் கொடுத்த அழுத்தமும். டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் என்றால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய எண்ணெயும் ஃபில்டரும் மாற்றப்பட்டதற்கு ரசீது உண்டா என்பது. ரசீது இல்லாத வேலை நடக்கவில்லை என்றே கணக்கு வைக்க வேண்டும். இந்த அளவுகளுக்குப் பிறகு எழுதப்படும் பட்டியல் பாதி நீளமே இருக்கும். எழுதியதில் பாதிக்கு மேல் வேலையும் நடக்கும்.

சட்டத்தின் பக்கத்தைத் திட்டங்கள் ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஜெர்மனியில் அனுமதிச் சான்று இல்லாத பாகத்தை மாட்டி, சோதனை நிலையத்தில் காட்டிப் பதியாவிட்டால், வண்டி சாலையில் ஓடுவதற்கான அனுமதியே போய்விடலாம். பிரிட்டனில் தொழிற்சாலை வைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றியிருந்தால் ஆண்டுச் சோதனையில் வண்டி தேறாது. ரீமேப்பைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மறைத்தால் விபத்து நடந்த அன்று அது தெரியவரும். இரண்டாம் படியின் அகல எக்ஸாஸ்ட் இந்த இரண்டு நாட்டிலும் வெறும் பாகம் வாங்கும் விஷயமல்ல. அதற்கான ஆவணச் செலவையும் சேர்த்தால்தான் விலை முழுமையாகும்.

இந்தியாவில் இந்த ஜிடிஐ விற்பனைக்கு வரவில்லை. நம் ஊரில் இதே கேள்வியைக் கிளப்புவது 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர், உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி. அந்த கியர்பாக்ஸ் தாங்கும் எல்லை 250 நியூட்டன் மீட்டர்; ரீமேப்புக்குப் பின் வரும் முறுக்கு விசை அந்த எல்லையை நெருங்குகிறது. கிண்டியிலோ காந்திபுரத்திலோ நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து சூடேறும் உலர் கிளட்ச்சுக்கு, ஐரோப்பிய நெடுஞ்சாலையில் எழுதப்பட்ட கணக்கு பொருந்தாது. போலோ 2022-இல் நிறுத்தப்பட்டதால் மிஞ்சிய வண்டிகளுக்கு மவுசு கூடியிருக்கிறது, கூடவே திட்டங்களும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். வேகத்தைப் பார்க்க இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

கடைசியாகப் பணம். வண்டியில் போட்ட பணம் விற்கும்போது திரும்பாது. திருத்தப்படாத, ரசீதுகளோடு வரும் ஜிடிஐ-க்கே வாங்குவோர் அதிக விலை கொடுக்கிறார்கள். ஆகவே செலவுக்கு ஒரே நியாயம், ஓட்டுவதில் கிடைக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்கு இந்த வண்டியில் எவ்வளவு சக்தி வேண்டும்?

என் தீர்ப்பு இது. கிண்ணம், பெல்ட், எண்ணெய், பிசிவி, காற்றுக் கசிவு, புஷ், பிரேக், டயர் எல்லாம் ஒழுங்கான பிறகு, ஒரு முழு ஆண்டு தொழிற்சாலை அமைப்பிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, எஸ்3 இன்டர்கூலரோடு ஸ்டேஜ் 1 போட்டு 240 குதிரைத்திறனில் நிறுத்திக்கொள்வதுதான் இந்த வண்டிக்குச் சரியான எல்லை. 300 வேண்டும் என்பவர் சாதா ஜிடிஐ-யில் கே04 டர்போவை ஏற்ற வேண்டாம். ஜிடிஐ-யின் முப்பதாண்டு நிறைவுக்காக 230 குதிரைத்திறனோடு வந்த எடிஷன் 30 இருக்கிறது; 265 குதிரைத்திறன் கொண்ட அதே காலத்து ஆடி எஸ்3 இருக்கிறது. கே04 டர்போவோடு வலுவான பிஸ்டன், வலுவான கனெக்டிங் ராடு, பெரிய இன்ஜெக்டர் எல்லாவற்றையும் அவற்றில் தொழிற்சாலையே வைத்துக் கொடுத்திருக்கிறது. சாதா எஞ்சினில் டர்போவை மட்டும் மாற்றுகிறவர் மேல்பாதியை வாங்கிக்கொண்டு கீழ்ப்பாதியை விட்டுவிடுகிறார். கூட்டிப் பார்த்தால் பல நேரம் அதிகப் பணமும் கொடுத்திருப்பார். முன்கூட்டியே 300 என்று முடிவு செய்திருந்தால், திட்டத்தின் முதல் வரியில் எழுத வேண்டியது வேறு வண்டியின் பெயர்.